இளைப்பும் இடைவேளையும்

1

இன்று காலை தோஹாவில் எங்கள் கம்பெனி ஆட்களுக்கு எடை பார்த்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற கடையநல்லூர் மைதீன், இடுப்பில் இருந்த சாவிக்கொத்தைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு மெஷினில் ஏறினார். சாவியில் என்ன எடை இருந்துவிடும்? ஆனால் யாரும் சிரிக்கவில்லை. அந்த வரிசையில் நிற்கிறவர்களுக்கு நூறு கிராமும் பெரிய விஷயம். எனக்குப் போன வருடம் ஞாபகம் வந்தது. ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு அதைச் சொல்லலாம் என்று தோன்றியது.

உயரமான கட்டடங்களின் கண்ணாடியை வெளிப்பக்கமாக நின்று துடைப்பது எங்கள் வேலை. மொட்டைமாடியிலிருந்து இரும்புக் கயிற்றில் ஒரு கூண்டு தொங்கும். அதில் இரண்டு பேர் நிற்போம். இங்கிலீஷில் கிரேடில் என்பார்கள். "அப்படின்னா தொட்டில்னு அர்த்தம் வேய்" என்று மைதீன் ஒருநாள் சொன்னதிலிருந்து எங்களுக்குள் அது தொட்டில். தொட்டில் அறுந்தாலும் ஆள் கீழே போகாதபடி உடம்பில் பெல்ட் கட்டி, அதைத் தனிக்கயிற்றில் மாட்டியிருப்போம். ஆள் தொண்ணூற்றைந்து கிலோவுக்கு மேல் இருந்தால் அந்தப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஏறக் கூடாது. இது எங்கள் கம்பெனி வைத்திருக்கும் கணக்கு.

போன வருடம் லீவில் ஊருக்குப் புறப்படுவதற்கு முதல்நாள் நான் நூற்றொரு கிலோ இருந்தேன். பாதுகாப்பு அதிகாரி ஒரு காகிதத்தை நீட்டி இரண்டு நிமிடம் இங்கிலீஷில் பேசினார். "ஓகே?" என்றார். "ஓகே சார்" என்று கையெழுத்துப் போட்டேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்குக் கூச்சம். இந்தப் பதினாறு வருடத்தில் நான் அதிகம் சொன்ன வார்த்தை அந்த ஓகேதான்.

அறைக்கு வந்து காகிதத்தை மைதீனிடம் காட்டினேன்.

"வேய் ஆறுமுகம், இதுல என்ன எழுதிருக்குன்னு கேட்டீரா?"

"லீவு பேப்பர்லா?"

"நல்ல லீவு பேப்பர். ரெண்டு மாசம் கழிச்சு வரும்போது நீரு தொண்ணூத்தஞ்சுக்குள்ள இருக்கணும். இல்லன்னா விசா கேன்சல், திரும்பிப் பாக்காமப் போயிரணும். இதுக்கெல்லாம் சம்மதம்னு நீரே கையெழுத்துப் போட்டிருக்கீரு."

2

தென்காசியில் வந்து இறங்கிய முதல் வாரம் விருந்திலேயே போயிற்று. வெளிநாட்டிலிருந்து வந்தவனுக்குக் குறைத்துப் பரிமாறினால் அது அந்த வீட்டுக்கு இழுக்கு. 'போதும்' என்று அழுத்திச் சொல்ல எனக்கு வராது. நான் இலையை மூடுவதற்குள் இன்னொரு கரண்டி விழுந்துவிடும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் எழுந்து வரும்போது வயிற்றில் சோற்றோடு பயமும் கிடந்தது.

காகித விஷயத்தை மனைவி முப்பிடாதியிடம் நான் சொல்லவில்லை. மகள் பவித்ராவிடம் மட்டும் போனில் சொன்னேன். அவள் திருநெல்வேலியில் ஹாஸ்டலில் தங்கி உடற்கல்வி படிக்கிறாள். நான் முதல் முறை விமானம் ஏறியபோது அவளுக்கு மூன்று வயது. அதற்குப் பிறகு எங்கள் பேச்சு 'சாப்பிட்டியாம்மா', 'சாப்பிட்டேம்ப்பா', 'பரீட்சை எப்படி', 'ஓகேப்பா' என்பதோடு முடிந்துவிடும். அவள் பேச்சில் இங்கிலீஷ் கூடிக்கொண்டே போனது. எனக்கு அர்த்தம் கேட்க வெட்கம். அப்பாவுக்கு இது கூடத் தெரியவில்லை என்று மகள் நினைப்பதைவிட, சும்மா தலையாட்டுவது சுலபமாக இருந்தது.

"யப்பா, பயப்படாதிய. சும்மா நடந்தா ரெண்டு மாசம் பத்தாது. ஹை இன்டென்சிட்டி இன்டர்வெல் டிரெய்னிங்னு ஒண்ணு இருக்கு. முழு வேகத்துல ஓடணும், இன்டர்வெல் விடணும், மறுபடி ஓடணும். மொத்தமே இருபது நிமிசந்தான். வீடியோ அனுப்புதேன் பாருங்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதும்மா."

எனக்குப் புரிந்த வார்த்தை ஒன்றே ஒன்று, இன்டர்வெல்.

வீடியோவில் ஒரு வெள்ளைக்காரப் பெண் குதித்துக் குதித்து இங்கிலீஷில் பேசினாள். நடுநடுவே 'பீப்' என்று சத்தம் வந்தது. என் போனுக்கு ஏதோ மெசேஜ் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

3

தெரிந்ததுபோல் காட்டிக்கொள்வது எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்கு முன்பே ஒருமுறை காட்டப்பட்டிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம். தொட்டிலில் பொத்தான்கள் என் பக்கம் இருந்தன. மேலே கயிற்றில் ஏதோ சிக்கல் என்று வயர்லெஸ்ஸில் சூப்பர்வைசர் "ஸ்டாப், ஸ்டாப்" என்றார். காற்றில் எனக்கு அது "டாப், டாப்" என்று கேட்டது. மேலே போகச் சொல்கிறார் என்று மேல்பொத்தானை அழுத்தினேன். தொட்டில் ஒருபக்கம் தூக்கிக்கொண்டது. வாளித் தண்ணீர் முழுக்கக் கால்களில் கொட்டியது. மைதீன் என் கைக்கு மேலாகப் பாய்ந்து சிவப்புப் பொத்தானை அடித்தார்.

"புரியலன்னா கேளும் வேய்" என்று மட்டும் சொன்னார். அப்போது நாங்கள் இருபத்தாறாவது மாடியில் நின்றுகொண்டிருந்தோம். அதற்குப் பிறகாவது நான் கேட்கப் பழகியிருக்க வேண்டும். பழகவில்லை.

உடம்பு ஏறியதும் அந்த வேலையால்தான். உயரத்தில் தொங்குகிறவன் கடுமையாக உழைக்கிறான் என்று ஊரில் நினைப்பார்கள். கைதான் உழைக்கும். கால் எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கும். இறங்கி வந்ததும் பயம் தெளிந்து பசி வரும். பரோட்டாவும் சீனி அள்ளிப்போட்ட டீயும்தான் பக்கத்தில் கிடைக்கும்.

4

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் காலையில் நடக்கிறவர்கள் அதிகம். பாதிப் பேர் தெரிந்தவர்கள். அங்கே ஓட எனக்குக் கால் வரவில்லை. மச்சினன் பைக்கை வாங்கிக்கொண்டு ஐந்தருவிக்குப் போனேன். சீசன் நேரம். சாரல் அடித்தது. அங்கே வருகிறவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள், யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள் என்பது என் கணக்கு. அருவிக்கு ஏறும் சாலையில் ஒரு நல்ல மேடு இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டேன்.

மொத்தம் இருபது நிமிடம், நடுவில் இன்டர்வெல். சினிமாவில் எப்படியோ அப்படித்தானே. பத்து நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஓடினேன். பிறகு இன்டர்வெல் விட்டேன். இன்டர்வெல்லில் சும்மா உட்கார்ந்திருப்பவன் யார்? செல்லத்தாய் என்ற அம்மாவின் டீக்கடையில் ஒரு டீயும் இரண்டு வாழைக்காய் பஜ்ஜியும் சாப்பிட்டேன். பிறகு மறுபடி பத்து நிமிடம். இப்படி இரண்டு வாரம், ஒருநாள் விடாமல்.

அருவிக் குளியலுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் ஆள் ஒருவர் தினமும் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். "அண்ணாச்சி, எதுக்கு இந்தப் பாடு. ஒரு எண்ணெத் தேய்ப்பு போட்டு அருவியில நில்லுங்க. ரெண்டு கிலோ தன்னால வழுக்கிட்டு ஓடிரும்" என்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

ஒருநாள் டீயை நீட்டியபடி செல்லத்தாய் சொன்னார்: "அண்ணாச்சிக்கு இப்போ இளைப்பு நல்லாவே தெரியுது."

அந்த ஒரு சொல்லில் நான் மிதந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். அடுத்தவர் கண்ணுக்கே தெரியும் அளவுக்கு இளைத்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் விளக்கு எரியும் எடை மெஷின் ஒன்று இருக்கிறது. அது எடையைச் சத்தமாகச் சொல்லும் என்பதால் அங்கே போகாமல், ஒரு பழைய பேப்பர் கடைக்குப் போனேன். பேப்பர் நிறுக்கும் தராசில் ஏறி நின்றேன். "சரக்கு எங்க அண்ணாச்சி?" என்றார் கடைக்காரர். "நாந்தான்" என்றேன்.

நூற்றிரண்டு கிலோ. லீவில் மூன்று வாரம் போய்விட்டது. எடை குறையவில்லை. ஒரு கிலோ ஏறியிருந்தது.

மறுநாள் பயத்தில் இன்னும் வேகமாக ஓடினேன். எட்டாவது நிமிடமோ என்னவோ, நெஞ்சை யாரோ முழங்கையால் அழுத்துவதுபோல் இருந்தது. காதுக்குள் அருவிச் சத்தம் நின்றுபோனது. சாலையோரக் கட்டையைப் பிடிக்கப் போனேன், பிடி கிடைக்கவில்லை. எண்ணெய்க்காரர்தான் ஓடிவந்து தாங்கி உட்கார வைத்தார். அவர் கை வழுக்கியது இன்னும் நினைவிருக்கிறது.

செல்லத்தாய் தண்ணீரோடு வந்தார். "நான்தான் நேத்தே சொன்னேன்லா, இளைப்பு தெரியுதுன்னு. மூச்சு அந்த இழுப்பு இழுக்குது. கேட்டாத்தான."

இளைப்பு என்று அவர் சொன்னது மூச்சைத்தான். உடம்பு பாதாம்மரம் மாதிரி அப்படியே நின்றிருந்தது. அங்கே உட்கார்ந்தபடி எனக்கு அவமானமும் பயமும் சேர்ந்து வந்தன. தோஹாவில் கயிறு அறுந்தால் சாவேன் என்று பதினாறு வருடம் பயந்தவன், ஐந்தருவியில் பஜ்ஜிக் கடைக்கு எதிரே சாகப் பார்த்தேன்.

5

மகளுக்குப் போன் போட்டேன். அன்று மத்தியானமே திருநெல்வேலியிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். அம்மாவிடம் வேறு காரணம் சொல்லி என்னைத் தென்காசியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார்கள். இருதயத்தில் கோளாறு இல்லை, ஆனால் இந்த உடம்போடு மேட்டில் நிறுத்தாமல் ஓடினால் இனிமேல் வரலாம் என்றார் டாக்டர். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொன்னார்.

மறுநாள் காலையில் அவளும் ஐந்தருவிக்கு வந்தாள். "யப்பா, இத்தன நாளா என்ன செஞ்சியளோ அத அப்படியே செஞ்சு காட்டுங்க. ஓட வேண்டாம், நடந்து காட்டுங்க."

காட்டினேன். மேட்டில் ஏறி இறங்கிவிட்டு நேராகச் செல்லத்தாய் கடைப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

"இங்கன எதுக்கு உக்காருதிய?"

"இன்டர்வெல்லும்மா."

"இன்டர்வெல்லுன்னா என்னன்னு நெனச்சிய?"

"படத்துல விடுவாவல்லா, பாதியில. டீ, பஜ்ஜி..."

அவளுக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. செல்லத்தாயும் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன். திடீரென்று அவள் சிரிப்பு நின்றது. "நேத்து நீங்க செத்துப்போயிருப்பியப்பா" என்றாள். "புரியலன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா. ஏங்கிட்டதான. யாரோ ஒருத்தங்கிட்டயா?"

அவளிடம்தான் கேட்க முடியவில்லை என்பதை எப்படிச் சொல்வது?

பிறகு அவள் தமிழில் சொன்னாள். முதலில் ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து உடம்பைச் சூடாக்க வேண்டும். அப்புறம் இருபது செகண்டு வேகம். ஓட்டம் வேண்டாம், முதல் பத்து நாள் மேட்டில் வேக நடை போதும். வாய் பேச முடியாத அளவுக்கு மூச்சு இளைக்க வேண்டும். அடுத்த நாற்பது செகண்டு மெதுவாக நடக்க வேண்டும். அதுதான் இன்டர்வெல். இப்படி எட்டுத் தடவை. வாரத்துக்கு மூன்று நாள்தான், நடுவில் ஒருநாள் கட்டாயம் விட வேண்டும். சோற்றையும் எண்ணெயையும் குறைக்காமல் இதை மட்டும் செய்தால் ஒன்றும் நடக்காது. பஜ்ஜியை மறந்துவிட வேண்டும்.

"இன்டர்வெல்ல நீங்க ஏங்கிட்ட பேசணும்" என்றாள். "பேச முடிஞ்சாத்தான் மூச்சு திரும்பிட்டுன்னு அர்த்தம். பேச்சு வரலன்னா அடுத்த ரவுண்டு கெடையாது."

முதல் நாள் கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். ஒரு தடவை ஊதியதுமே குளிக்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் மண்ணுக்குள் போய்விடலாமா என்று நின்றேன். அதைப் பார்த்து விசிலைப் பையில் போட்டுவிட்டு விரலால் எண்ணினாள்.

ஹாஸ்டலுக்குத் திரும்பிய பிறகு, செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலை ஆறு மணிக்குப் போனில் வருவாள். நான் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு மேட்டடியில் நிற்பேன். ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணுவாள். நான் ஏறுவேன். பிறகு நாற்பது செகண்டு பேச வேண்டும். என்ன பேசுவது? முதலில் எதிரே தெரிந்ததைச் சொன்னேன். குரங்கு ஒன்று சீப்பு வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. ரம்புட்டான் கடை திறக்கிறார்கள். பிறகு தோஹாவைச் சொன்னேன். தொட்டிலில் நின்றால் கண்ணாடிக்கு உள்ளே வேலை செய்கிறவர்கள் நம்மைப் பார்க்கவே மாட்டார்கள் என்று சொன்னேன். ஒரு நாற்பது செகண்டில் அவள் சொன்னாள், போன வருடம் ஓட்டப்பந்தயத்தில் முட்டி பிசகி ஒரு மாதம் படுத்துக் கிடந்தாளாம்.

"ஏம்மா சொல்லல?"

"அங்கன இருந்துக்கிட்டு நீங்க என்ன செய்யப் போறிய? அதான். ஒண்ணு, ரெண்டு, மூணு..."

அந்த ரவுண்டில் எனக்கு மூச்சு இளைத்தது மேட்டினால் மட்டுமல்ல.

6

எடை இறங்கியது. நூறு, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றேழு. அதோடு நின்றுபோனது. லீவு முடிய பதினெட்டு நாள் இருக்கும்போது தொண்ணூற்றேழு. பதினொரு நாள் இருக்கும்போதும் அதே தொண்ணூற்றேழு. பேப்பர் கடைக்காரர் தராசைத் தட்டிப் பார்த்து, "தராசுல கோளாறு இல்ல அண்ணாச்சி" என்றார். ஒரு வாரத்தில் ஒரு பொட்டு கூட இறங்கவில்லை. இரவில் தூக்கம் போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை பவித்ரா வீட்டில் இருந்தாள். சோற்றுக்குப் பதிலாக நான் கேட்டு வாங்கிக் குடித்துவந்த கேப்பைக்கூழை ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். நான் கூடத்தில் இருந்தேன். அடுப்படிப் பேச்சு அப்படியே கேட்டது.

"யம்மா, இதுல என்ன ஊத்துன?"

"மோரு."

"மோரா இது? நெய்யி மெதக்குது."

"ஒரு கரண்டி நெய்யில மனுசன் பெருத்துருவாவளாக்கும்."

"தெனமுமா ஊத்துத?"

ஏதோ பாத்திரத்தைத் தேய்க்கும் சத்தம். பிறகு முப்பிடாதி சொன்னாள்: "எடை கொறஞ்சா போயிருவாவல்லா."

நான் எழுந்து அடுப்படி வாசலுக்குப் போனேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்த காகிதத்தை இரண்டாம் வாரமே எடுத்து, பக்கத்து வீட்டு டீச்சரிடம் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அத்தனை நாளும் எல்லாம் தெரிந்துதான் பரிமாறியிருக்கிறாள்.

"பதினாறு வருசமா வந்துருங்க வந்துருங்கன்னு சொன்னேன். கேக்கல. இப்ப கம்பெனிக்காரனே போன்னு சொல்லுதான்னா, வந்துருங்களேன். அதுக்குப் போயி மலையில ஓடி நெஞ்சப் பிடிச்சிட்டு விழணுமா? அதுவும் எனக்குத் தெரியும். தெரியாதுன்னு நெனச்சியளா?"

"எம் படிப்பு முடிய இன்னும் ரெண்டு வருசம் இருக்கும்மா" என்றாள் பவித்ரா.

"தெரியும்ட்டி. எனக்கு அது தெரியாதா?"

போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இருந்துவிடுகிறேன் என்றும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், எடை நின்றுபோன அந்த வாரத்தில், நின்றது நின்றபடியே இருக்கட்டும் என்று ஓரிரு நாள் எனக்கும் தோன்றியிருந்தது. அதை இருவரிடமும் மறைத்தேன்.

முப்பிடாதி அந்தக் கூழைக் கொட்டினாள். வேறு மாவு கரைத்து அடுப்பில் வைத்தாள். கிண்ணத்தை என் முன்னால் வைத்துவிட்டு, "ரெண்டு வருசம்" என்றாள். "அதுக்கு மேல ஒரு நாள் கெடையாது. குடிங்க. இதுல ஒண்ணும் இல்ல."

அதற்குப் பிறகு அவளே அளந்து போட்டாள். எண்ணெய்ப் பாட்டிலைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள். பேச்சு மட்டும் குறைந்துபோனது.

7

தோஹாவில் இறங்கிய மறுநாள் காலை எடை பார்க்கும் அறைக்குப் போனேன். கிளம்பும் அன்று பேப்பர் கடைத் தராசில் தொண்ணூற்றைந்துக்கு ஒரு மயிரிழை கீழே இருந்தேன். விமானத்தில் கொடுத்த சாப்பாட்டைத் தொடவில்லை. காலையில் டீ கூடக் குடிக்கவில்லை.

அதே அதிகாரி. அதே மேஜை. மெஷினில் ஏறினேன். எண்கள் மேலும் கீழும் ஓடி நின்றன. தொண்ணூற்றைந்து புள்ளி ஒன்பது.

அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளி, ஏதோ சொன்னார். "ஓகே?" என்றார். பேனாவைக் கையில் கொடுத்தார்.

பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அறையில் வேறு நான்கு பேர் காத்திருந்தார்கள். எல்லோரும் என்னைத்தான் பார்ப்பதுபோல் இருந்தது. அந்த ஓகே நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எனக்கு இங்கிலீஷில் வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பேனாவை மேஜையில் வைத்தேன். "நோ சார்" என்றேன். குனிந்து, காலைத் தூக்கி, இரும்பு வைத்த என் வேலை பூட்ஸைத் தட்டிக் காட்டினேன். "ஷூ, சார். ஷூ."

அவர் என் காலைப் பார்த்தார். பிறகு கையை அசைத்தார். உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தேன். ஒருவழியாகக் கழற்றி, காலுறையோடு ஏறினேன். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன், அதனால் ஒன்றும் குறையாது என்று தெரிந்தும்.

தொண்ணூற்று நான்கு புள்ளி ஆறு.

அவர் காகிதத்தை எடுத்து வேறு இடத்தில் முத்திரை குத்தினார். வெளியே மைதீன் நின்றார். என் கையில் பூட்ஸைப் பார்த்துவிட்டு, "என்ன வேய், செருப்ப உருவிட்டு அனுப்பிட்டானா?" என்றார். முத்திரையைக் காட்டியதும் என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார். நாங்கள் சாயங்காலம் நான்கு மணிக்குத் தொட்டில் ஏற வேண்டும்.

மகளுக்கு எடையை எழுதி அனுப்பினேன். முப்பிடாதிக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"எத்தன?"

"தொண்ணூத்தி நாலு சொச்சம்."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பூட்ஸை மாட்டினேன்.

"அப்போ இன்னைக்கு ஏறுதிய."

"ஏறுதேன்."

"உடம்பு சுருங்கிட்டுல்லா" என்றாள் முப்பிடாதி. "பெல்ட்ட இன்னும் ரெண்டு ஓட்டை உள்ள இழுத்துக் கட்டுங்க."